லிஃப்ட் அண்ணனும் நூற்றுத் தொண்ணூற்றேழு படிகளும்

எடை அளவுத் துறையின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்பது மாடி. ஒன்பது மாடிக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட். லிஃப்டுக்குள் ஒரு முக்காலி. முக்காலியில் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இயக்குநரில் தொடங்கி எடைக்கல்லைத் துடைத்து வைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் ஏனோ சும்மா ஏறுவதில்லை. இரண்டாவது மாடியில் ஏறியவர் கிளப்பிய வாக்குவாதத்தை ஏழாவது மாடியில் இறங்குகிறவர் முடித்து வைப்பார். யாராவது ஒரு செய்தித்தாளை விட்டுவிட்டுப் போவார்கள். லிஃப்ட் அண்ணன் அதை ஏல அறிவிப்பு, காணவில்லை விளம்பரம் உட்பட கடைசி வரி வரை படிப்பார். இப்படிக் கேட்டும் படித்தும் அவருக்குள் என்னென்னவோ சேர்ந்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் எத்தனை எலும்பு என்பதும் தெரியும், கணக்குப் பிரிவுத் தட்டச்சருக்கு எந்தப் பல்லில் சொத்தை என்பதும் தெரியும்.

துறையில் வருடத்துக்கு ஒருமுறை அறிவுப்போட்டி நடக்கும். ஆறு வருடமாக முதல் பரிசு அவருக்குத்தான். பரிசு எப்போதும் சுவர்க்கடிகாரம். பஸ் கண்டக்டரான அவர் மனைவி, ஆறாவது கடிகாரத்துக்கு ஆணி அடித்தபோது சொன்னார்: “வீட்டுல ஆறு கடிகாரம் மாட்டியாச்சு. ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்களா?”

ஏழாவது வருடம்தான் வில்லங்கம் வந்தது.

தரைத்தள வரவேற்பு மேசைக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கம் திரை, அதற்கு மேல் கேமரா, கீழே ஒலிபெருக்கி. தராசுக்கு முத்திரை வாங்க எந்த மாடி, அளவுகோல் உரிமத்துக்கு எந்தப் படிவம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும். அலுவலகம் அதற்குப் ‘பொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டது. முன்பு இந்தக் கேள்விகளெல்லாம் லிஃப்ட் அண்ணனிடம்தான் வரும். அதனால் பொட்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காலையில் அது, “வணக்கம், அண்ணா” என்று சொன்னால் அவர் ஒரு கனைப்போடு நிறுத்திக்கொள்வார். எல்லாரும் அண்ணா என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் கூப்பிடப் பழகியிருந்தது.

“இந்த வருஷம் பொட்டியும் போட்டியில கலந்துக்கட்டும்” என்றார் இயக்குநர்.

பணியாளர் பிரிவுத் தலைவி உடனே எழுந்தார். விதிப்புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற அம்மாள். அவர் இல்லாத இடத்தில் எல்லாரும் அவரை விதியம்மா என்பார்கள். “ஐயா, விதி நாலு. துறை ஊழியர் மட்டும்தான் கலந்துக்கலாம்.”

“அப்போ ஊழியராக்கிடுங்க.”

விதியம்மா அசரவில்லை. மறுநாளே பொட்டிக்குத் தற்காலிகப் பணி ஆணை போட்டார். பணியில் சேர மருத்துவச் சான்று வேண்டுமே. அலுவலக மருத்துவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்: ‘பார்வை நன்று. செவித்திறன் நன்று. எடை ஏழு கிலோ. நாக்கை நீட்டச் சொன்னதற்கு ஒத்துழைக்கவில்லை.’ விதியம்மா அதைக் கோப்பில் கோத்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஐந்தாவது மாடி உணவுக்கூடத்தில் போட்டி.

முதலில் சதுரங்கம். அதற்கு நான்கு மதிப்பெண். லிஃப்ட் அண்ணன் மாடிக்கு ஒரு காய் என்ற கணக்கில் லிஃப்டுக்குள் ஆடிப் பழகியவர். ஆட்கள் ஏறி இறங்கும் இடைவெளியில்தான் அவருக்கு யோசனையே வரும். ஆடாமல் அசையாமல் ஒரு நாற்காலியில் உட்கார வைத்ததும் மூளை ஓடவில்லை. பொட்டிக்குக் கை இல்லாததால் அது சொல்லச் சொல்ல விதியம்மா காயை நகர்த்தினார். பதினோராவது நகர்த்தலில் லிஃப்ட் அண்ணனின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. கூடம் முழுவதும் உச்சுக்கொட்டியது.

அடுத்தது பொது அறிவு. கேள்விகளைத் தயாரித்தவர் விதியம்மா. பாதிக் கேள்வி உலகத்தைப் பற்றி, பாதிக் கேள்வி அலுவலகத்தைப் பற்றி. உலகத்தைப் பற்றியதையெல்லாம் பொட்டி அள்ளிக்கொண்டு போனது. அலுவலகக் கேள்விகளில் அதன் பருப்பு வேகவில்லை.

“நாலாவது மாடி வராந்தாவுல டியூப்லைட் எப்போலேர்ந்து மினுக்கிட்டிருக்கு?”

“எனக்குத் தெரியவில்லை” என்றது பொட்டி.

அந்தக் கட்டடத்துக்குள் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டதே இல்லை. லிஃப்ட் அண்ணன் மணியைத் தட்டினார். “பழைய இயக்குநர் ஓய்வு பெற்ற அன்னைக்கு. மாலை போடும்போதே மினுக்க ஆரம்பிச்சிடுச்சு.”

கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. கடைசியில் கூட்டிப் பார்த்தால் பதினான்குக்குப் பதினான்கு. சமம். வெற்றியைத் தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்று விதி இருந்தது. விதியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம்ம கட்டடத்துல தரைத்தளத்துலேர்ந்து ஒன்பதாவது மாடி வரைக்கும் மொத்தம் எத்தனை படி?”

“கட்டட வரைபடத்தின்படி நூற்றுத் தொண்ணூற்றெட்டு” என்றது பொட்டி.

எல்லாரும் லிஃப்ட் அண்ணனைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்தப் படிக்கட்டில் கால் வைத்ததே இல்லை. லிஃப்ட் பழுதானாலும் அதற்குள்ளேயேதான் உட்கார்ந்திருப்பார். இப்போது பேசாமல் இருந்தால் ஆறு வருட மானமும் போய்விடும். அதே எண்ணைச் சொன்னால் காப்பியடித்த மாதிரி இருக்கும். ஒன்று குறைத்துச் சொன்னால்? அனுபவப்பட்டவன் சொல்கிற மாதிரி இருக்குமே.

“நூத்துத் தொண்ணூத்தேழு” என்றார்.

கூடம் கூரை அதிரக் கத்தியது. வரைபடம் தாளில் இருப்பது, அண்ணன் கட்டடத்திலேயே இருப்பவர், எது சரியாக இருக்கும் என்று ஒருவர் மேசை மேல் ஏறி நின்று கேட்டார். விதியம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று அவரே எழுதியிருந்தார். அட்டையை மெல்லக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம்” என்றார்.

திங்கட்கிழமை மூன்று பேர் குழு அமைத்தார்கள். மூவரும் ஒன்றாக ஏறி, ஒன்றாக எண்ணி, மூன்று எண்ணோடு மேலே போய்ச் சேர்ந்தார்கள். துறைக்கே மூத்த ஆய்வாளர், முப்பது வருடம் கடைத்தராசுகளைப் பிடித்தவர், குழுவுக்குத் தலைவர். அவர் ஒரு அடிப்படைச் சிக்கலைக் கிளப்பினார்.

“முதல்ல படின்னா என்னன்னு முடிவு பண்ணணும். வாசல் கல்லைச் சேர்க்கணுமா? திரும்பற இடத்துல இருக்கற மேடை படியா, இல்ல தரையா?”

“கால் வச்சு மேல ஏறினா படி” என்றார் இயக்குநர்.

“அப்படிப் பார்த்தா லிஃப்டும் ஒரு படிதானேங்க ஐயா?”

இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டார். மூத்த ஆய்வாளர் விடவில்லை. “இன்னொண்ணு. படிங்கற அளவையைச் சட்டப்படி ஒழிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அரிசியைப் படியில அளந்து வித்தவங்க மேல நானே வழக்குப் போட்டிருக்கேன். இப்போ நம்ம அலுவலகமே படிக்கணக்கு சொன்னா வெளியில சிரிப்பாங்க.”

அதனால் அரசு ஆவணங்களில் படி என்ற சொல் வரக்கூடாது, ‘ஏறுதளம்’ என்று குறிப்பிடவேண்டும் என்று சுற்றறிக்கை போனது. ஏறுதளங்களை எண்ணியவர்கள் அதற்குப் படி உண்டா என்று கேட்டு மனுப் போட்டார்கள். அந்தப் படியையும் ஏறுதளம் என்று எழுதவேண்டுமா என்று தட்டச்சர் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. யார் வந்தாலும் படியில்தான் ஏறவேண்டும், எண்ணிக்கொண்டே ஏறவேண்டும், மேலே போனதும் சீட்டில் எண்ணை எழுதி அட்டைப்பெட்டியில் போடவேண்டும். தராசுக்கு முத்திரை குத்த வந்த காய்கறிக்கடைக்காரர் ஒருவர் இரண்டு கையிலும் தராசுத்தட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணியபடி ஏறினார். ஆறாவது மாடியில் தெரிந்தவர் நலம் விசாரிக்க, எண்ணிக்கை விட்டுப்போய், திரும்பக் கீழே இறங்கி முதலிலிருந்து ஏறினார். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது நூற்று எண்பத்தெட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்கு வரை எல்லா எண்ணும் இருந்தது. ஒரு சீட்டில் ‘முட்டி வலி’ என்று மட்டும் எழுதியிருந்தது.

லிஃப்ட் அண்ணன் ஓடாத லிஃப்டில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் உள்ளே தலையை நீட்டி, “அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. விடாதீங்க” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மூச்சு வாங்க ஏறிப் போகிறவர்களைப் பார்க்காமலிருக்க அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எதிரே வரவேற்பு மேசையில் பொட்டி எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. “வரைபடமும் கட்டடமும் வேறுபடலாம். என் விடை தவறாகவும் இருக்கலாம்.” தோற்கத் தயாராக இருக்கிற எதிரியை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி பையையும் விசிலையும் ஆணியில் மாட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

“என்னங்க, மூணு நாளா சோறு பாதி தட்டுலயே இருக்கு. என்ன விஷயம்?”

அவர் படிக்கணக்கைச் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே வந்து ஒரே கேள்வி கேட்டார். “நீங்க எப்போ அந்தப் படில ஏறினீங்க?”

லிஃப்ட் அண்ணன் எழுந்து கோணலாகத் தொங்கிய ஆறாவது கடிகாரத்தை நேராக்கினார்.

“அதானே பார்த்தேன். அப்போ நூத்துத் தொண்ணூத்தேழு எங்கேருந்து வந்துச்சு?”

“அது நூத்துத் தொண்ணூத்தெட்டுன்னு சொல்லிச்சு. நான் ஒண்ணு குறைச்சேன்.”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “நெரிசல் பஸ்ல எழுபது தலையை ஒரு பார்வையில எண்ணுறவ நான். எனக்கு வாய்ச்ச புருஷன் எண்ணாமலே சொல்றாரு. நாளைக்குக் காலையில போய் முதல்ல எண்ணிட்டு வாங்க. அப்புறம் எதையும் பேசலாம்.”

வியாழக்கிழமை ஆறு மணிக்கே அவர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். வாசல் காவலாளியைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. பூனை மாதிரி படிக்கட்டுப் பக்கம் நழுவும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“வணக்கம், அண்ணா. லிஃப்ட் அந்தப் பக்கம்.”

லிஃப்ட் அண்ணன் திரும்பினார். இனிமேல் கனைத்துப் பயனில்லை. மேசைக்குப் போய்க் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இங்க பாரு. நான் இந்தப் படியை எண்ணினதே இல்ல. ஏறினதே இல்ல. சும்மா சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“நானும் ஏறியதில்லை, அண்ணா” என்றது பொட்டி. “இந்த மேசையிலிருந்து பார்த்தால் முதல் ஐந்து படி தெரியும். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என்னையும் தூக்கிக்கொண்டு போவீர்களா? ஏழு கிலோதான்.”

அவர் கம்பியைப் பிடுங்கி, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். “பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?”

“இரண்டு மணி நேரம்.”

“நான் அவ்வளவு நேரம் தாங்குவேனான்னு தெரியல.”

ஏறினார்கள். அவர் வாய்விட்டு எண்ண, பொட்டி கூடவே எண்ணியது. மாடிக்கு இருபத்திரண்டு. முதல் மாடியில் பெட்டியைத் தரையில் வைத்து இளைப்பாறினார். மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கைத் தாண்டி ஐந்தை நெருங்கும்போது சுவரில் ஒரு ஜன்னல் வந்தது. அதற்கு வெளியே, கீழே, பஸ் நிலையம் முழுவதும் தெரிந்தது. விடியற்காலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வெளியே வந்துகொண்டிருந்தன. மனைவியின் பஸ்ஸும் தினம் அங்கிருந்துதான் புறப்படும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஜன்னல் இங்கேயே இருந்திருக்கிறது. பெட்டியை உயர்த்தி ஜன்னல் கட்டையில் வைத்து அதற்கும் காட்டினார்.

“பார்த்தியா?”

“பார்க்கிறேன். அழகாக இருக்கிறது” என்றது பொட்டி. கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணா, நூற்றெட்டில் நிற்கிறோம். மறந்துவிட வேண்டாம்” என்றது.

ஐந்திலிருந்து ஆறாவது மாடிக்குப் போகும்போது கணக்கு உதைத்தது. இருபத்திரண்டுக்குப் பதில் இருபத்தைந்து. உணவுக்கூடத்துக்குக் கூரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், வரைபடத்தில் திருத்தவில்லை என்று பொட்டி கண்டுபிடித்துச் சொன்னது. ஒன்பதாவது மாடியில் கால் வைத்தபோது எண்ணிக்கை இருநூற்றொன்று. சந்தேகமே வேண்டாம் என்று இறங்கும்போதும் எண்ணினார்கள். இருநூற்றொன்றேதான்.

“ரெண்டு பேருமே முட்டாள்” என்றார் லிஃப்ட் அண்ணன், பெட்டியை மேசையில் வைத்துக் கம்பியைச் செருகியபடி. மனசு ஏனோ லேசாகியிருந்தது.

“இயக்குநரிடம் சொல்லிவிடலாமா?” என்றது பொட்டி.

“சொல்லித்தான் ஆகணும். பத்து மணிக்கு வரட்டும்.”

ஆனால் இயக்குநர் முந்திக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகச் சீட்டெண்ணி வேலையெல்லாம் கெட்டுப்போனதில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. முந்தின நாள் மாலையே கோப்பில் முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டு, துறை முத்திரையும் குத்தியிருந்தார்: இக்கட்டடத்தின் ஏறுதளங்கள் நூற்றுத் தொண்ணூற்றேழு. அனுபவம் உள்ள ஊழியரின் கணக்கே ஏற்கப்படுகிறது. பதினொரு மணிக்குப் பரிசளிப்பு, குடும்பத்தோடு வரவும். முத்திரை விழுந்த பிறகு கட்டடம் அதற்கு மாறாக இருக்கக்கூடாது அல்லவா? அதற்கு ஒரு கொத்தனாரையும் வரச் சொல்லியிருந்தார். கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வா, நூற்றுத் தொண்ணூற்றேழுக்கு மேல் எது இருந்தாலும் உடைத்துவிடு என்பது உத்தரவு.

பத்தரை மணிக்கு மேலேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. தட்டச்சர் ஓடி வந்து சேதி சொன்னார். லிஃப்ட் அண்ணன் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். லிஃப்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி படிதான்.

“என்னையும் அழைத்துப் போங்கள். சாட்சி வேண்டும்” என்றது பொட்டி.

பரிசளிப்புக்கு வரச் சொல்லி அலுவலகத்திலிருந்து போன் வந்ததும் விடுப்பு சொல்லிவிட்டு நேரே பணிமனையிலிருந்து சீருடையோடு வந்திருந்த மனைவி, வாசலில் இந்தக் கோலத்தைப் பார்த்தார். புருஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு படியில் ஏறுகிறார். பெட்டி, “நிதானமாக, அண்ணா” என்கிறது. ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் முதுகில் கையைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

எட்டாவது மாடிக்கு மேல் படிக்கட்டு முழுவதும் ஆட்கள். உச்சியில் கொத்தனார் ஒன்பதாவது மாடிக்கு முந்திய கடைசிப் படியை உடைத்து முடித்துவிட்டு அடுத்ததில் உளியை வைத்திருந்தார். இயக்குநர் பக்கத்தில் நின்று மூத்த ஆய்வாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “எடைக்கல்லு கனம் கூட இருந்தா அடியில ஈயத்தைச் சுரண்டி எடுக்கறோம் இல்லையா? அதே மாதிரிதான்.”

“ஐயா, நிறுத்தச் சொல்லுங்க” என்று இரைத்தார் லிஃப்ட் அண்ணன். “போட்டி அன்னைக்கு வரைக்கும் நான் இந்தப் படில ஏறினதே இல்லைங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.”

கூட்டத்தில் ஒருவர், “எவ்வளவு பணிவு பாருங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அண்ணா சொல்வது உண்மை” என்றது பொட்டி. “இன்று காலை இருவரும் எண்ணினோம். இருநூற்றொன்று. என் விடையும் தவறு.”

“தோத்துப்போனவங்க அப்படித்தான் சொல்வாங்க” என்றார் மூத்த ஆய்வாளர். கொத்தனார் சுத்தியலை ஓங்கினார்.

அப்போது விசில் ஒலித்தது.

அடைத்த படிக்கட்டில் அந்தச் சத்தம் ஒன்பது மாடிக்கும் போயிருக்கும். கொத்தனாரின் கை அந்தரத்தில் நின்றது. மனைவி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இவரா படியேறி எண்ணினவரு? எங்க வீடு தரைத்தளம். துணி காயப்போட மாடிக்குப் பதினாறு படி. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கைக்குட்டையைக்கூட இவரு மேல கொண்டுபோனதில்ல. கேட்டா, பட்டனை அழுத்தினா போற மாதிரி இருந்தா போறேன்னு சொல்வாரு. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஏறியிருக்காரு. காலைப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு.”

எல்லாரும் காலைப் பார்த்தார்கள். நடுங்கியது. முதலில் நம்பியவர்கள் அலுவலகப் பெண்கள். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள்.

விதியம்மா கைப்பையைத் திறந்தார். “இதை எழுத்துல கொடுப்பீங்களா?”

“தாளைக் கொடுங்க” என்றார் மனைவி.

“நான் சொன்னா யார் நம்பறாங்க?” என்று கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். “இருநூத்தொண்ணு இருக்கு, நாலு மிச்சம் வருதுன்னு காலையிலேயே சொன்னேன். உடைன்னாங்க. ஒண்ணு உடைச்சாச்சு. இப்போ இருநூறு.”

முழு எண்ணாக வந்ததில் மூத்த ஆய்வாளர் ஒருவருக்கு மட்டும் திருப்தி.

ஆணை ரத்தானது. அந்த வருடம் யாருக்கும் பரிசு இல்லை என்று அறிவித்து, கடிகாரத்தை விதியம்மா தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். உடைந்த படியை மறுபடி கட்டினால் முத்திரை குத்திய இன்னொரு ஆணை வேண்டும் என்பதால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒன்பதாவது மாடிக்கு நடந்து போகிறவர்கள் கடைசியில் ஒரு எட்டை அகலமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் முகம் கொடுக்கக் கூசிக்கொண்டு லிஃப்ட் அண்ணன் ஒரு வாரம் முக்காலியில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. லிஃப்ட் மறுபடி ஓடுகிறதே என்ற நன்றியில் எல்லாரும் அவரை இன்னும் கொஞ்சம் அன்பாகவே கூப்பிட்டார்கள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகுதான் குறிப்பாணை வந்தது. இயக்குநருக்காக விதியம்மா கையெழுத்து. ‘இருபத்திரண்டு ஆண்டுப் பணிக்காலத்தில் அலுவலகப் படிக்கட்டை ஒருமுறைகூடப் பயன்படுத்தாததற்கான காரணத்தை மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.’ இந்த முறை ஏறுதளம் என்று எழுத அவரே மறந்துவிட்டிருந்தார்.

லிஃப்ட் அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனார். “இதுக்கு என்ன எழுதறது?”

பொட்டி ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தது. லிஃப்ட் எப்போது தோன்றியது, மனிதனின் முழங்கால் எப்படி அமைந்தது, பணி விதிகளில் படியேறுவது கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, எல்லாம் இருந்தது. லிஃப்ட் அண்ணன் நின்றபடி பன்னிரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

“பிரமாதமா இருக்கு. ஆனா எனக்கே பயமா இருக்கே. அவங்க பதிலுக்கு இருபத்து நாலு பக்கம் கேட்பாங்க.”

“அப்படியானால் நீங்களே எழுதுங்கள். எழுதியதும் எனக்குக் காட்டுங்கள்.”

முக்காலிக்குப் போய், தொடை மேல் செய்தித்தாளை வைத்து அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்து எழுதினார். ஒரு வரிதான் வந்தது. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கொண்டுபோய்க் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.’

பொட்டி அதை இரண்டு முறை படித்தது. “இதில் சேர்க்க ஒன்றும் இல்லை” என்றது.

மறுநாள் காலை இயக்குநர் லிஃப்டில் ஏறியபோது கோப்பில் அந்தத் தாள் மேலாக இருந்தது. மூன்றாவது மாடிக்குள் படித்து முடித்துவிட்டார். லிஃப்ட் அண்ணன் கதவுக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டதும் இயக்குநர் தாளை உருவி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நானும் போன வாரம்தான் முதல் தடவை ஏறினேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.